தேபானின் கொழுப்பில்லாத சூப்

கர்கார் ஊர்த் திருவிழாவன்று தேபானைப் பார்த்துத் தெருவே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. ஏன் என்று இப்போதே சொல்லிவிட்டால் ருசிக்காது. முதலில் அவருடைய விரதத்தைப் பார்த்துவிடுவோம்.

போன வருஷத் திருவிழா ஓட்டத்தில் தேபான் பாதி வழியிலேயே உட்கார்ந்துவிட்டார். மீன் வண்டியில் ஏற்றித்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். இந்த வருஷம் எப்படியும் கடைசிக் கோட்டைத் தொட்டாக வேண்டும்.

"என்னைக் கவுத்தது கொழுப்புதான். இனிமே ஒரு சொட்டு எண்ணெய் என் நாக்குல படக் கூடாது!"

சபதம் போட்ட இடம்தான் வம்பு. மனைவி நில்டா வீட்டு வாசலிலேயே பன்றித்தோல் பொரித்து விற்பவள். அந்த வாசனைக்குப் பஸ்ஸே நின்றுவிட்டுத்தான் போகும்.

"புருஷன் வாயைக் கட்டிக் கெடக்கான், இவ எதிர்லயே பொரிச்சுக் கொட்டுறா பாரு! கல்நெஞ்சுக்காரி!" என்றது தெரு.

நில்டா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வெறும் சோறு, வேகவைத்த முட்டைக்கோசு. தேபானுக்கு உதடு வெடித்தது. நாலு அடி ஓடினால் தலை சுற்றியது. சேவலைத் திட்டினார், நாயைத் திட்டினார், வராத மழையையும் திட்டினார்.

ஒருநாள் நில்டா ஒரு கிண்ணத்தை நீட்டினாள். "முருங்கைக்கீரை சூப். குடி."

"எண்ணெய் ஊத்தினியா?"

"எண்ணெய்ப் பாட்டிலைத் தொடவே இல்ல."

"வெள்ளையா இருக்கு?"

"அரிசி கழுவுன தண்ணியில வெச்சா வேற எப்படியிருக்கும்?"

அதுவும் சரிதான். அரிசி கழுவிய தண்ணீரில் சூப் வைக்காத வீடு அந்த ஊரில் ஏது? தேபான் குடித்தார். இன்னொரு கிண்ணம் கேட்டார். அப்புறம் தினமும் கேட்டார். உதடு ஆறியது. காலுக்குத் தெம்பு வந்தது. சேவலுக்கும் நிம்மதி.

திருவிழா வந்தது. தேபான் ஓடினார். கடைசிக்கு முந்தின ஆளாகத்தான், ஆனாலும் கோட்டைத் தொட்டுவிட்டார்!

வீட்டு வாசலில் கூட்டம்.

"கொழுப்பே இல்லாம ஓடினேன்! எல்லாம் இந்த அரிசித் தண்ணி சூப்பால!" தேபானுக்குத் தலைகால் புரியவில்லை.

பக்கத்து வீட்டு ஜோசெல் கைக்குழந்தையோடு முன்னால் வந்தாள். அந்த ஊரில் அண்ணனை 'மனோங்' என்றுதான் கூப்பிடுவார்கள். "மனோங், நாளையிலேருந்து நானும் எண்ணெய், தேங்கா எல்லாத்தையும் விட்டுடறேன். குழந்தைக்கும் இந்த சூப்தான்."

"அப்படிப் போடு!" என்றார் தேபான்.

நில்டாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. குழந்தையைப் பார்த்தாள். பிறகு, "நீயே வெச்சுக் காட்டேன், வாத்தியாரே," என்றாள்.

தேபான் ஜம்பமாக அரிசி கழுவினார். கீரை, பூசணி, உப்பு போட்டுக் கொதிக்க வைத்தார்.

ஜோசெல் ஒரு வாய் குடித்தாள். "மனோங், பாத்திரம் கழுவுன தண்ணி மாதிரி இருக்கே?"

தேபானும் குடித்தார். உப்புப் போட்டார். மறுபடி குடித்தார். "இன்னிக்கு அடுப்பு சரியில்ல."

"ஜோசெல், பச்சப்புள்ளைக்குக் கொழுப்பை நிறுத்திடாதே," என்றாள் நில்டா. "சுகாதார நிலையத்து நர்ஸக்காவைக் கேட்டுட்டுதான் சொல்றேன். பொரிச்சதைத்தான் குறைக்கணுமாம். மீனு, அவகாடோ, கொஞ்சமா தேங்காப்பால், இதெல்லாம் இருக்கணுமாம். மொத்தமா நிறுத்தினா பெரியவங்க உடம்பே தாங்காதாம்."

"யார் சொன்னது? நான் மொத்தமா நிறுத்தினேனே! எனக்கு உதடு ஆறலை? நான் ஓடலை?"

ஜோசெல்தான் முதலில் 'களுக்' என்றாள். அடுத்த நொடி தெருவே குலுங்கியது. 'கல்நெஞ்சுக்காரி' என்ற வாய்கள்தான் எல்லாவற்றையும்விடச் சத்தமாகச் சிரித்தன.

தேபான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். கடைசியில் மனைவியிடம் வந்து நின்றார்.

"ஏய் நில்டா... தினம் காலையில தேங்கா துருவுற சத்தம் கேக்குமே, அது ஜோசெல் வீட்ல இல்லையா?"