ஐந்தாவது குவியல்

“அந்தத் தார்ப்பாயை எடுங்க, வெண்டல்,” என்றாள் மரிசெலா.

வெண்டல் நகரவில்லை. அறுபதைத் தாண்டிய ஆறடி மனிதர். ராஸ்பெர்ரி வரிசையின் கோடியில் கிடந்த அந்தச் சின்னக் குவியலுக்கு முன்னால் கதவு மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

மக்கிய உரம் வாங்கி வயலில் போடும் விவசாயிக்குச் செலவில் பாதியை மாநில அரசு திருப்பித் தருகிறது. தருகிறது என்று பேர்தான். அதை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. முதலில் கைக்காசைப் போட்டு வாங்க வேண்டும், லைசென்ஸ் உள்ள நிலையத்தின் பில் வேண்டும், பரப்புவதற்கு முன்னால் அரசு ஆய்வாளரான மரிசெலா நேரில் வந்து குவியல்களைப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும்.

பில்லில் நாலு லாரி, வயலில் நாலு பெரிய குவியல். அதுவரைக்கும் எல்லாம் சரி. இந்த ஐந்தாவதுதான் இடித்தது. ஒரு பிக்கப் வண்டி அளவுதான் இருக்கும்.

“இது எப்ப வந்தது?”

“வியாழக்கிழமை.”

“எங்கேருந்து?”

“சியாட்டில் பக்கம். இதுக்கு நான் பணம் கேக்கலையேம்மா.”

“நீங்க கேக்கலைன்னாலும் விதி விடாது. பில் இல்லாத உரம் ஒரு கூடை கிடந்தாலும் மொத்த விண்ணப்பமும் போச்சு. உங்களுக்குத் தெரியாததா?”

தெரியும். டிராக்டரை அடமானம் வைத்துத்தான் அவர் அந்த நாலு லாரி உரத்தையும் வாங்கியிருந்தார். அரசுப் பணம் வராவிட்டால் இந்தக் கோடையோடு பண்ணை வங்கியின் கைக்குப் போய்விடும். அது மரிசெலாவுக்கும் தெரியும் என்பதுதான் கொடுமை.

போன மாதம் பக்கத்து ஊரில் ஒருவன் சொந்த மாட்டுச் சாணத்தைக் குவித்துவைத்து, கடையில் வாங்கிய உரம் என்று அரசாங்கத்தின் காதில் பூ சுற்றப் பார்த்தான். அவனும் இப்படித்தான் தார்ப்பாய்க்கு முன்னால் நின்றான். வெண்டலுமா இப்படி என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது.

“எம்மெட்டைக் கூப்பிடுங்க. ஜனவரியில விண்ணப்பம் போட்டது உங்க பையன்தானே? போன்ல என்கிட்ட அரைமணி நேரம் வாயடிச்சான். விதியெல்லாம் அவனுக்கு அத்துப்படி. எங்க அவன்?”

வேலியோரமாக நின்றிருந்த வெண்டலின் மனைவி லொரீன் முதல்முறையாக வாயைத் திறந்தாள். “வீட்டுக்கு வந்துட்டான். வியாழக்கிழமைதான் கூட்டிட்டு வந்தோம்.”

“அப்ப ஏன் என் முகத்துல முழிக்க மாட்டேங்கறான்?”

லொரீனின் பார்வை தார்ப்பாய்ப் பக்கம் போனது. ஆக, பையனும் இதில் கூட்டுக் களவாணி என்று மரிசெலா நினைத்துக்கொண்டாள். பொறுமை போய்விட்டது. வெண்டலைச் சுற்றிக்கொண்டு போய்த் தார்ப்பாயின் மூலையைத் தூக்கி, ஒரு கை அள்ளினாள்.

“வேண்டாம்!” என்றாள் லொரீன்.

மரிசெலா காதில் வாங்கவில்லை. பதினோரு வருஷமாகச் செய்கிற வேலை. அள்ளி, பிசைந்து, மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தாள். கறுப்பாக, உதிரியாக இருந்தது. மழை விட்ட காட்டின் வாசனை அடித்தது.

“நல்லா மக்கியிருக்கு,” என்று ஒப்புக்கொண்டாள். “உங்க நாலு லாரியைவிட இது ஒசத்தி. கள்ளத்தனமா செய்யற எடத்துல இப்படி வராது. அப்புறம் எதுக்கு மறைக்கறீங்க?”

“லைசென்ஸ் உள்ள எடம்தான்,” என்றார் வெண்டல் தரையைப் பார்த்துக்கொண்டு.

“அப்ப பில்லைக் காட்டுங்களேன்!”

“பில் இல்லம்மா அது. ஒரு காகிதம் குடுத்தாங்க. அதைக் காட்டித்தான் ஆகணுமா?”

“காட்டினா உங்களைக் காப்பாத்தப் பாக்கறேன். இல்லேன்னா இப்பவே ‘நிராகரிப்பு’ன்னு எழுதிட்டுப் போகணும். என்னை அந்தப் பாவத்துக்கு ஆளாக்காதீங்க.”

மரிசெலா இடது கையில் உரத்தை வைத்துக்கொண்டே குத்தவைத்து உட்கார்ந்து, படிவத்தை முழங்கால் மேல் விரித்தாள். அதில் ‘மூலப்பொருள்’ என்று ஒரு கட்டம் உண்டு. எந்த உரமானாலும் அது எதிலிருந்து வந்தது என்று அதில் எழுதியாக வேண்டும்.

“சரி, இதையாவது சொல்லுங்க. எதையெல்லாம் மக்க வச்சது இது?”

“மரச்சீவல்,” என்றார் வெண்டல். “வைக்கோல். கொஞ்சம் குதிரைமசால் தழை.”

எழுதினாள். “ம். மிச்சம்?”

வெண்டல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். லொரீன் கிட்டே வந்து, கணவரின் சட்டைப் பையில் மடித்து வைத்திருந்த காகிதத்தை எடுத்துப் பிரித்து நீட்டினாள்.

மாநில முத்திரை இருந்தது, லைசென்ஸ் எண்ணும் இருந்தது. அதற்கு மேலே, ‘புதைக்காமலும் எரிக்காமலும் இறந்தவரின் உடலை மண்ணாக்கித் தரும் நிலையம்’ என்று சின்ன எழுத்தில் அச்சடித்திருந்தது. லாரி எண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு தேதிகள் இருந்தன. இரண்டுக்கும் நடுவே இருபத்துமூன்று வருஷம்.

மரிசெலாவுக்குக் கையை விரிக்கவும் முடியவில்லை, மூடவும் முடியவில்லை.

லொரீன் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

“மிச்சம் எங்க எம்மெட்.”