பாட்டிலின் சந்தேகம்

ஓர் ஆஸ்பத்திரி வார்டில் ஒரு கண்ணாடி பாட்டில் இருந்தது. நெஞ்சுக்குள் சீழ் கட்டிப் படுத்திருந்த தங்கப்பழத்தின் உடம்பிலிருந்து ஒரு குழாய் அதற்குள் வந்தது. இன்னொரு குழாய் அதிலிருந்து கட்டிலடியில் இருந்த பம்புக்குப் போனது. பம்பு ஓயாமல் காற்றை இழுக்க, ரத்தம் கலந்த சீழ் சொட்டுச் சொட்டாகப் பாட்டிலில் சேர்ந்தது.

பாட்டிலுக்குப் பம்பின் மேல் நம்பிக்கையே இல்லை.

"ராவும் பகலும் அந்த மனுஷனை உறிஞ்சிக்கிட்டே இருக்கியே, எதுக்கு?" என்று கேட்டது.

"உள்ளே தேங்குறதை எடுக்கிறேன். நிறுத்தினா அவருக்கு மூச்சு முட்டும்," என்றது பம்பு.

திருடன் வேறென்ன சொல்வான் என்று நினைத்தது பாட்டில். கடைசியில் இந்தப் பம்பு அவர் உயிரையும் இழுத்துவிடும், பழி தன் மேல் விழும் என்று பயந்தது. பாட்டில் நிரம்பினால் பம்புக்குப் போகும் வழியை அடைக்க அதற்குள் ஒரு மிதவை உண்டு. நிரம்பும் முன்பே பாட்டில் அதை மேலே தூக்கி வழியை அடைத்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் தங்கப்பழத்துக்கு மூச்சு வாங்கியது. உதடு நீலம் பாரித்தது. பாட்டில் பதறிப்போய் மிதவையை இறக்கப் பார்த்தது. பம்பின் இழுப்பில் ஒட்டிக்கொண்ட மிதவை அசையவில்லை.

நர்ஸ் எஸ்தர் ஓடிவந்து பம்பை ஒரு நொடி நிறுத்தினாள். மிதவை விழுந்தது. மறுபடி ஓடவிட்டதும் மூச்சு மெல்லச் சீரானது.

"தப்பா நினைச்சுட்டேன்," என்றது பாட்டில். பம்பு ஓடிக்கொண்டே இருந்தது.

இரண்டு நாள் கழித்து, எழுந்து உட்கார்ந்த தங்கப்பழம் பாட்டிலை முறைத்துப் பார்த்தார்.

"சிஸ்டர், என் ரத்தத்தையெல்லாம் இதுதான் குடிச்சிருக்கு. கண்ணுக்கு மறைவா வைங்க."

அடுத்த சொட்டு வந்தது. பாட்டில் வாங்கிக்கொண்டது.