கோதண்டம் நின்ற தூண்

கோதண்டம் இருந்தவரை எங்கள் ஜவுளிக்கடைக்கு வேறு விளம்பரம் தேவைப்படவில்லை. வாசல் தூணை ஒட்டி நின்று, தெருவில் போகிற பெண்களையெல்லாம், "வாங்கம்மா, வாங்க. எடுக்காட்டியும் பரவால்ல, உள்ள வந்து உக்காந்து பாத்துட்டுப் போங்க" என்று கூப்பிடுவார். அப்படிச் சொன்ன பிறகு யாருக்கும் தாண்டிப் போக மனசு வராது. அவர் இறந்ததும், பழைய வீடியோ ஒன்றிலிருந்து அந்தக் குரலை எடுத்து, க்யூஆர் கோடாக்கி, அதே தூணில் என் மருமகன் ஒட்டிவைத்தான். ஸ்கேன் செய்தால் கோதண்டம் அழைப்பார். ஆடித் தள்ளுபடியே முடிந்துவிட்டது. அதைக் கேட்டு உள்ளே வந்தவர் என்று ஒருவர்கூட இல்லை. எரிச்சலில் நானே அதன் ஓரத்தை நகத்தால் சுரண்டத் தொடங்கியபோது, கோதண்டத்தின் மனைவி செண்பகம் காய்கறிப் பையோடு வந்து நின்றார்.

"எடுக்கப் போறீங்களா முதலாளி? கொஞ்சம் இருங்க, ஒரு தடவ கேட்டுக்கறேன். மார்க்கெட் போறப்பல்லாம் நின்னு கேப்பேன்."

"அவர் ஞாபகமாம்மா?"

"ஞாபகம் இல்லாமலா? ஆனா வீட்ல, 'ஏய், எங்கடி போய்த் தொலஞ்ச'ன்னுதான் கூப்புடுவாரு. 'வாங்க'ன்னு ஊருக்கெல்லாம் சொன்னாரு. எனக்கு இதுலதான்."

போனைத் தூணுக்கு நேராகப் பிடித்தார். "வாங்கம்மா, வாங்க" என்றது கோதண்டத்தின் குரல். செண்பகம் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, இத்தனை வருடங்களில் முதல்முறையாக, எங்கள் படியில் செருப்பைக் கழற்றினார்.