கேமரா இறங்கிய இடம்

கேமரா கடலடியைத் தொட்டதும் திரையில் சேறுதான் தெரிந்தது.

அவள் ஒன்றுக்கு மூன்று முறை சரிபார்த்தாள். இடம் சரிதான். அறுநூறு மீட்டர் ஆழமும் சரிதான். பவளத்தைத்தான் காணோம்.

மூன்று வருடங்களுக்கு முன் கடலாய்வுக்கு வந்து இதே இடத்தில் ஆளுயரப் பவள மரங்களைப் பார்த்து வாயடைத்துப் போனவள் அவள். விரல்கடை வளரவே பல வருடம் பிடிக்கும் மரங்கள். அவற்றின் அடியில் குடம் குடமாகக் கடற்பஞ்சு. அதற்குள் முட்டையிட்டு ஒளிந்திருந்த மீன்கள்.

அங்கே வலை இழுக்கத் தடை வாங்க நாயாய் அலைந்தாள். கண்ணுக்கே தெரியாத செடிக்கு எதற்கம்மா இத்தனை ஆர்ப்பாட்டம் என்று ஓர் அதிகாரி சிரித்தார். அது செடியே இல்லை என்று அவருக்குப் புரியவைக்கவே ஆறு மாதம் ஆனது.

ஒருவழியாக நேற்று ஆணை கைக்கு வந்தது. ஆசை தீர ஒரு தடவை பார்த்துவிட்டு வரலாம் என்றுதான் இன்று அண்ணனின் படகில் கிளம்பினாள்.

இப்போது திரையில் ஏர் ஓட்டிய வயல்போலக் கோடுகள். இழுவலையின் பலகைகள் தரையைக் கீறிக்கொண்டு போன தடம். ஒன்றா, இரண்டா. நடுவே வெள்ளை வெள்ளையாக உடைந்த துண்டுகள்.

நடுக்கடலில் இந்த இடம் எவனுக்குத் தெரியும்? வரைபடமே இரண்டு பிரதிதான். ஒன்று அரசாங்கக் கோப்பில், முத்திரை வைத்து. மற்றது அண்ணனிடம். தெரியாமல்கூட அங்கே வலை போட்டுவிடாதே என்று போன வருடம் அவளே கொடுத்தது.

அண்ணன் கேமராவின் கம்பியை ஏற்றி இறக்கும் வின்ச் அருகே நின்றிருந்தான். கூடப்பிறந்தவனைச் சந்தேகப்பட நாக்கு கூசியது. ஆனாலும் கேட்டாள்.

"அண்ணா, அந்த மேப்பை யார்கிட்டயாவது காட்டினியா?"

அவன் முகம் மலர்ந்தது.

"யார்கிட்டயாவதா? பெருசா பிரிண்ட் போட்டு, துறைமுகத்துல ஒரு படகு விடாம ஒட்டினேன் பாப்பா. மீனெல்லாம் அங்கதான் குஞ்சு பொரிக்குது, என் தங்கச்சி கண்டுபிடிச்சது, ஒருத்தனும் அந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கக் கூடாதுன்னு சொல்லிட்டேன்."

அவன் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லைதான். மற்ற படகுகள் வருடம் முழுக்க நிறைந்து வர, இவன் அரைக் கூடையோடு கரையேறினான் என்று அண்ணி புலம்பியது அவளுக்குத் தெரியும்.

திரையை அவனுக்குத் தெரியாதபடி திருப்பிக்கொண்டாள்.

"நீரோட்டம் இழுத்துடுச்சுண்ணா. ஒண்ணும் தெரியல. மேல ஏத்திடு."

"அட, இதுக்கா கண்ணு கலங்குது? இதுமாதிரி வேற இடம் இருந்தா சொல்லு, அதையும் ஒட்டிடறேன்."

"இல்லண்ணா. இது ஒண்ணுதான்."

வடக்கே பன்னிரண்டு மைலில் இன்னொன்று இருந்தது. அதன் வரைபடத்தை இன்று அவன் கையில் கொடுக்கத்தான் எடுத்து வந்திருந்தாள்.