ரோட்டில் போனவர்

பன்னிரண்டு வருஷம் கூடவே வேலை பார்த்த எங்கள் அப்பாவை, 'யாருன்னே தெரியாது' என்று சொல்லிவிட்டார் காண்ட்ராக்டர்.

யாரோ சொல்லிக் கேட்டதல்ல. என் காதாலேயே கேட்டேன். ஆஸ்பத்திரி வார்டில், கட்டிலைச் சுற்றிய திரைக்கு இந்தப் பக்கம், கையில் பிளாஸ்க்கோடு நின்றுகொண்டிருந்தேன்.

அந்தப் பக்கம் அப்பா ஊசி மயக்கத்தில் கிடந்தார். முந்தின நாள் இரண்டாம் மாடி வெளிச்சுவருக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது சாரப் பலகை நழுவி, பலகையும் அவரும் ஒன்றாகத் தரைக்கு வந்திருந்தார்கள். தொடை எலும்பு இரண்டு இடத்தில் முறிவு.

"இவர் உங்க ஆளா?" கேட்டவர் இன்சூரன்ஸ் ஆபீசர்.

"சேச்சே! ரோட்டுல போயிட்டிருந்தார் சார். மேலேயிருந்து பலகை விழுந்துடுச்சு. யாருன்னே தெரியாது."

"தலைமுடியில பெயின்ட் இருக்கே?"

"டப்பாவும் சேர்ந்து விழுந்துச்சு சார்."

"மூணு கலர் தெரியுதே?"

"மூணு டப்பா சார்."

ஆபீசர் எழுதிக்கொண்டு போனார். நான் திரையை விலக்கினேன்.

விவரம் தெரிந்த நாளாகக் காண்ட்ராக்டரைப் பெரியப்பா என்று கூப்பிட்ட வாய் இது.

"என்ன சார், யாருன்னே தெரியாதா?" என்றேன்.

அந்த 'சார்' அவருக்கு எங்கேயோ சுருக்கென்று பட்டது. படட்டும் என்றுதான் சொன்னேன்.

"மெதுவா பாப்பா. நர்ஸ் இருக்காங்க. வெளியில வா, சொல்றேன்."

"வெளியில என்ன ரகசியம்? சொல்றதை இங்கேயே சொல்லுங்க."

அவர் நர்ஸைப் பார்த்தார். பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். "இங்க வேணாம்மா" என்றார்.

"அப்ப கிளம்புங்க."

போனார்.

மறுநாள் ஒரு பை நிறைய ஆப்பிளோடு வந்தார். வார்டு வாசலிலேயே மறித்தேன்.

"யாருன்னே தெரியாதவங்களுக்கு எதுக்கு சார் பழம்?"

"ஒரே ஒரு நிமிஷம் காது குடு பாப்பா."

"காதுல சொல்ற நியாயமெல்லாம் எனக்கு வேண்டாம். எழுதிக் குடுங்க, படிக்கிறேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "அதை எழுதித் தர முடியாதேம்மா."

முடியாதாம். மடியில் கனம் இருப்பவனுக்குத்தானே வழியில் பயம்? பையை அவர் கையிலேயே திணித்தேன். வீட்டில் இருந்த மூன்று போனிலும் அவர் நம்பரை பிளாக் செய்தேன்.

அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. "அவர் அப்படிப்பட்ட மனுஷன் இல்லடி."

"அம்மா, கையைக் கழுவுறாரு. ஆளு என்னோடதுதான்னு சொன்னா ஆஸ்பத்திரிச் செலவு அவர் தலையில விழும்ல?"

"என்னமோடி. நீ படிச்சவ."

நாலாம் நாள் அப்பா தெளிவாகப் பேசினார். முதல் கேள்வியே, "அண்ணன் வந்தாரா?"

"எந்த அண்ணன்? உங்களைத்தான் அவருக்குத் தெரியாதாமே!" நடந்ததைச் சொன்னேன்.

அப்பா ஃபேனைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவர் அப்படிச் சொல்லியிருந்தா ஏதாவது காரணம் இருக்கும்மா."

"உங்களை மாதிரி ஆளுங்க இருக்கிறவரைக்கும் அவங்களுக்கு என்னப்பா கவலை?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். நான் வாதம் பண்ண ஆரம்பித்தால் அவர் பேசுவதில்லை.

அன்று சாயங்காலம் டாக்டர் வந்தார். இன்னொரு ஆபரேஷன் செய்தால் அப்பா பழையபடி ஏணி ஏறலாம். செய்யாவிட்டால் நடக்கலாம், ஊன்றுகோலோடு. செலவை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார். அம்மா அதைப் படித்துவிட்டு நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

அன்றே இன்சூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுதினேன். நாலு பக்கம். காண்ட்ராக்டரின் பொய்யை வரிக்கு வரி உடைத்தேன். வாதம் என்றால் ஆதாரம் வேண்டும். பதினொன்று இணைத்தேன். கம்பெனி பெயர் அச்சடித்த அப்பாவின் சட்டை. புது ஏணி வாங்கிய அன்று இருவரும் தோள்மேல் கை போட்டு எடுத்த போட்டோ. வேலை நாட்களை அப்பா குறித்துவைத்த சின்ன நோட்டின் பக்கங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, என்னைப் பள்ளியில் சேர்க்க அப்பாவுக்கு ஒரு அத்தாட்சி தேவைப்பட்டபோது, 'இவர் என்னிடம் நிரந்தரமாக வேலை செய்பவர்' என்று காண்ட்ராக்டரே கைப்பட எழுதிக் கொடுத்த காகிதம்.

'என் தந்தை வழிப்போக்கர் அல்லர், பணியாளர். உண்மையை ஏற்று நியாயம் வழங்குக' என்று முடித்தேன். எனக்கே கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பதினைந்தாம் நாள் பதில் வந்தது. அப்பா வீட்டுக்கு வந்து, கூடத்துக் கட்டிலில் காலை நீட்டிப் படுத்திருந்தார்.

"சத்தமாப் படிடி, அப்பாவும் கேக்கட்டும்" என்றாள் அம்மா.

படித்தேன்.

'தங்கள் தந்தை, பலகை விழுந்து காயமடைந்த வழிப்போக்கர் என்றும், தவறு முழுவதும் தம்முடையதே என்றும், இரண்டாவது அறுவைச் சிகிச்சை உட்பட எல்லாச் செலவையும் தங்கள் தந்தைக்கே வழங்க வேண்டும் என்றும் காண்ட்ராக்டர் எங்களிடம் விண்ணப்பித்திருந்தார். அவர் எடுத்துள்ள பாலிசி வெளியாட்களுக்கு ஏற்படும் காயத்துக்கு மட்டுமே பொருந்தும். பணியாளர்களுக்கென்று தனி பாலிசி எதையும் அவர் எடுத்திருக்கவில்லை. எனவே விண்ணப்பம் நிராகரிக்கப்படுகிறது. தங்கள் தந்தை வெளியாள் அல்லர் என்பதைப் பதினொரு ஆதாரங்களுடன் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபித்து உதவியமைக்கு நன்றி.'