மானியக் குழாய்

கொச்சி மட்டாஞ்சேரியில் வீட்டு வாசலில் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருந்த வீரலட்சுமி, தேனியில் வாழை போட்டிருக்கும் தம்பி செல்லதுரைக்கு போன் செய்தாள்.

"என்னடா இரைச்சல்?"

"மோட்டார்க்கா. காலையில போட்டது. வாய்க்கால் நிறைஞ்சு ரோட்டுல ஓடுது."

"நிறுத்த மாட்டியா?"

"கரண்டு இலவசம்தானே!"

"தூ! நீயெல்லாம் ஒரு விவசாயி! இங்க ஒரு குடத்துக்கு சேச்சிமாரோட மல்லுக்கட்டுறேன். மானியத்துல சொட்டுநீர்க் குழாய் குடுத்தாங்களே, அதை எங்கடா தொலைச்ச?"

அவன் சிரித்தான். "தண்ணிய மிச்சம் பிடிச்சா எனக்கென்னக்கா லாபம்? குழாய் சும்மா சுருண்டு கிடந்துச்சு. பொங்கலுக்கு வந்தப்ப நீதானே கேட்டு எடுத்துட்டுப் போன?"

லாரியின் ஹாரன் கேட்டது. போனை வைத்த வீரலட்சுமி, குடத்தை இடுப்பில் ஏற்றி, வாசலில் கொடியாகக் கட்டி ஈரப் புடவைகள் காயும் கறுப்புச் சொட்டுநீர்க் குழாய்க்குக் கீழே குனிந்து ஓடினாள்.