இறங்கிக்கொண்டே இருந்த கம்பி

கம்பி அறுந்த வேகத்தில் என் மூக்குக் கண்ணாடி பறந்துபோய் டீச்சரின் தேநீருக்குள் விழுந்தது.

தவறு முழுக்க என்னுடையது. பியானோக் கம்பியை இறுக்கும் முறுக்காணியை அரைச் சுற்று அதிகமாகத் திருகிவிட்டேன்.

"நான் சர்க்கரைதானே கேட்டேன்?" என்றார் டீச்சர், கோப்பைக்குள் எட்டிப் பார்த்தபடி.

சோபாவில் இருந்த அவருடைய அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "பியானோவை ரிப்பேர் பண்ண வந்துட்டு ஆளை ரிப்பேர் பண்ணிடுவீங்க போலிருக்கே, தம்பி!"

டீச்சர் கண்ணாடியைக் கரண்டியால் மீட்டு, குழாயில் கழுவி, துடைத்து எடுத்துவந்தார். தானே என் மூக்கில் மாட்டிவிட்டிருக்கலாம். கையில்தான் கொடுத்தார்.

சட்டைப் பையில் இருந்த கம்பிச் சுருளை எடுத்து அறுந்த இடத்தில் மாட்டத் தொடங்கினேன். கருவிப் பெட்டியைத் திறக்க வேண்டிய அவசியமே வரவில்லை.

இந்த வீட்டுப் பியானோவின் கம்பிகளையும் முறுக்காணிகளையும் மொத்தமாக மாற்றியவன் நான். புதுக் கம்பி லேசில் அடங்காது. இழுபட்டுக்கொண்டே இருக்கும், சுருதி இறங்கிக்கொண்டே இருக்கும். கொஞ்ச நாளைக்கு நான் அடிக்கடி வந்து முறுக்கிவிட வேண்டும். பழகிவிட்டால் அப்புறம் வருடத்துக்கு ஒருமுறை வந்தால் போதும்.

இன்று வந்து தட்டிப் பார்த்தால், பழகிவிட்டது.

தொழில்காரன் எவனும் மீசையை முறுக்கிக்கொள்ளவேண்டிய நாள். நானோ ரயிலைத் தவறவிட்டவன் மாதிரி முக்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

என் வீட்டில் எனக்காகக் காத்திருப்பது ஒரு பூனை. அதுவும் பக்கத்து வீட்டுப் பூனை. கணவர் இறந்தபின் டீச்சருக்கும் துணை என்று இந்த அக்காவும், பியானோ கற்க வரும் பிள்ளைகளும்தான். "அடுத்த வாரம் சும்மா வரட்டுமா?" என்று கேட்டுவிட நானும் ஒவ்வொரு தடவையும் வாயைத் திறக்கிறேன். வாயிலிருந்து வருவதென்னவோ, "கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?"

இதுவரை என்னைக் காப்பாற்றியது, விரலால் அழுத்தும் கட்டைகளில் நடுவில் இருக்கும் ஒன்றின் கம்பி.

ஒரு கட்டைக்கு மூன்று கம்பிகள். மூன்றும் ஒரே குரலில் பேச வேண்டும். இந்தக் கட்டையில் ஒன்று மட்டும், எத்தனை முறை முறுக்கினாலும், சில நாளில் இறங்கிப்போய் மற்ற இரண்டோடும் சண்டைக்கு நிற்கும். போன் வரும். "அது மறுபடியும் அழுவுதே, எப்ப வர்றீங்க?"

ஓடிவருவேன். சந்தோஷம் ஒரு பக்கம், மானக்கேடு ஒரு பக்கம். நான் அடித்த ஆணி நிற்கவில்லை என்று வெளியே தெரிந்தால் எவன் என்னைக் கூப்பிடுவான்?

அந்த ரோஷத்தில் போன தடவை, என்னிடம் இருந்ததிலேயே பருத்த ஆணியாகப் பார்த்து அடித்து இறக்கிவிட்டேன். யானையைக் கட்டினாலும் அசையாது. வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றும்போதுதான் மண்டையில் உறைத்தது. இனிமேல் எந்தக் காரணத்தைச் சொல்லிக்கொண்டு வருவேன்?

புதுக் கம்பியை முறுக்கி முடித்தேன். போகிற போக்கில் அந்த நடுக்கட்டையையும் ஒரு தட்டுத் தட்டினேன்.

அழுதது.

யானையைக் கட்டும் ஆணி!

முகத்தை அதன் அருகே கொண்டுபோனேன். கழுவிய கண்ணாடி, எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. என் ஆணி நீலம் ஏற்றிய எஃகு. தலை சதுரம். அந்தச் சதுரத்தின் மூலைகளில் மஞ்சளாக ஏதோ தேய்ந்து ஒட்டியிருந்தது.

பித்தளை.

நான் ஆணியைத் திருகும் சாவியும் எஃகுதான்.

"டீச்சர், இந்த ஆணியில யாராவது கை வச்சாங்களா?"

"வேற தேநீர் போடட்டுமா?"

இதுதான் டீச்சர். எதைக் கேட்டாலும் பதிலுக்கு ஒரு கேள்விதான் கிடைக்கும்.

அக்கா மூலையில் நின்ற ஆளுயரக் கடிகாரத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "எனக்கும் ஒண்ணு போடுடி. மணி என்னன்னுதான் தெரியல. நீங்க இந்த வீட்டுக்கு வரப்போக ஆரம்பிச்சதுலேர்ந்து அது நாலரையிலயே நிக்குது, தம்பி. சாவி கொடுக்கலாம்னா, பித்தளைச் சாவியைக் காணோங்கறா இவ."

டீச்சரின் காது சிவந்தது.

கடிகாரத்தின் முகத்தில், சாவி கொடுக்கும் துளைக்குள் ஒரு சதுரத் தண்டு தெரிந்தது. என் முறுக்காணியின் தலை மாதிரியேதான். அதே பருமன்.

டீச்சர் என்னை முக்காலியிலிருந்து எழுப்பினார். உட்காரும் பலகையே அதற்கு மூடி; அதைத் திறந்து, இசைத்தாள்களுக்கு அடியிலிருந்து வளைந்த கைப்பிடி போட்ட சாவி ஒன்றை எடுத்தார். நேராகக் கடிகாரத்திடம் போய் நிதானமாகச் சாவி கொடுத்தார். அது தொண்டையைச் செருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

"அடிப்பாவி!" என்றார் அக்கா.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ.

"அடுத்த வாரம் சும்மா வரட்டுமா?"

கேட்டேவிட்டேன்.

டீச்சர் திரும்பி, காலியாகிவிட்ட என் சட்டைப் பையைப் பார்த்தார். "அறுந்த கம்பியோட அளவுக்கே இன்னொண்ணு, கச்சிதமா வெட்டி, சுருட்டி, பையில வச்சுக்கிட்டா வீட்டுலேர்ந்து கிளம்பினீங்க?"

இப்போது என் காதின் முறை.

"கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?" என்றேன்.

டீச்சர் சமையலறைப் பக்கம் நடந்தார். கதவருகே நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை.

"வாங்க. அடுத்த வாரமும் வாங்க, அதுக்கடுத்த வாரமும் வாங்க. எதையும் அறுக்காம வாங்க."